பட்டனை அமுக்கியது நான்தான்

போன மாதம் வீட்டுக்கு ஒரு புது மானிட்டர் வந்தது. அட்டைப் பெட்டியைப் பிரித்து, மேசையில் நிறுத்தி, வயரைச் செருகியதும் படம் வந்துவிட்டது. ஓரத்தில் கறுப்புப் பட்டை இல்லை, நடுவில் வீக்கம் இல்லை, எழுத்துக்குப் பின்னால் நிழல் இல்லை. என் மகள் "ஓகேவாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். நான் அதன் முன்னால், பின்னால், அடியில் எல்லாம் விரலால் தடவிக்கொண்டிருந்தேன். எதையாவது திருகாமல் ஒரு மானிட்டரை ஏற்றுக்கொள்ள என் கை ஒப்பவில்லை. அடியில் சின்னதாக ஒரு பட்டன் தட்டுப்பட்டது. அழுத்தினேன். அணைந்துவிட்டது.

மகள் வந்து மறுபடியும் போட்டுக் கொடுத்தாள். பெட்டியிலிருந்து வந்த புது பிளாஸ்டிக் வாசனை மட்டும் எனக்குத் தெரிந்த வாசனையாக இருந்தது. சூடேறினால் இன்னும் நன்றாக வரும் என்று காத்திருந்தேன். இந்தக் காலத்து மானிட்டர்கள் சூடேறுவதும் இல்லை.

பழைய மானிட்டருக்கு என்று ஒரு வாசனை உண்டு. சூடான தூசியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்தது. எங்கள் சென்டரில் அதனுடன் கீழே இருந்த பேக்கரியின் பன் வாசனையும் சேர்ந்துகொள்ளும். அதனால் இன்றைக்கும் எங்காவது பன் வேகும் வாசனை வந்தால் எனக்குக் கண் லேசாகக் கூசும். கண் டாக்டரிடம் ஒரு முறை இதைச் சொன்னேன். அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

சென்டர் என்று நான் சொல்வது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, அந்த பேக்கரியின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம். தொண்ணூறுகளின் கடைசி. பெயர்ப் பலகையில் 'இன்டர்நேஷனல்' என்ற சொல் இருந்தது. பக்கத்து ஊரான ஊரிகத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்த பிறகுதான் எங்களுக்கே அந்தச் சொல்லின் மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அதற்கு முன்பு அது டைப்ரைட்டிங் வகுப்பாக இருந்தது. முதலாளி ஜெயசீலன் சார் மெஷின்களை எல்லாம் எடுத்துவிட்டு ஆறு கம்ப்யூட்டர்கள் வைத்தார். கம்ப்யூட்டர் என்பது டி.வி. பொருத்திய டைப்ரைட்டர் என்பது அவருடைய கருத்து. கீபோர்டு பக்கத்தை அவர் பார்த்துக்கொள்வார், டி.வி. பக்கத்தை என்னிடம் விட்டுவிட்டார். எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு டிப்ளமோவும், எல்லாம் தெரியும் என்ற முகமும் இருந்தன. மாணவிகள் என்னை மிஸ் என்று கூப்பிட்டார்கள்.

என் அப்பா, மண் அள்ளும் பெரிய இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில் பிட்டர். திருச்சியிலிருந்து அந்த வேலைக்காக வந்தவர். நாங்கள் இருந்தது தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். சென்டருக்கு வந்த பெண்களோ பெரும்பாலும் சுரங்கத்து லைன் வீடுகளில் இருந்து வந்தவர்கள். வட ஆற்காட்டிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்பு வந்த குடும்பங்கள். நாங்களும் தமிழ், அவர்களும் தமிழ். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் ஒரு நாளும் பூமிக்குள் இறங்கியதில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும்.

ஆறு மானிட்டர்களும் பெங்களூரிலிருந்து செகண்ட் ஹேண்டில் வந்தவை. ஆறும் ஆறு கம்பெனி. ஒன்றாம் நம்பரில் படம் மேலே குறுகிக் கீழே அகன்று பாவாடை கட்டியிருக்கும். இரண்டில் எல்லாமே கொஞ்சம் மஞ்சள். மூன்றாவதன் பிரைட்னெஸ் குமிழ் உடைந்து, அங்கே ஒரு பேனா மூடி செருகியிருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் நான் கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல ஆறையும் சுற்றி வந்து, அகலத்தை இழுத்து, உயரத்தைக் குறைத்து, காண்ட்ராஸ்டை ஏற்றி இறக்குவேன். மத்தியானத்துக்குள் அவை தத்தம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதற்காக நான் ஒரு நாளும் மனம் தளர்ந்ததில்லை. அந்த வயதில் அவ்வளவு நேரம் இருந்தது.

இவை போதாதென்று பக்கத்துக் கதவு கஜேந்திரன். சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்கு விடும் ஸ்பீக்கர் பெட்டிகளை எங்கள் பொதுச்சுவரோடு அடுக்கி வைப்பார். ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தம் சுவரைத் தாண்டி வந்து எங்கள் திரைகளில் உட்கார்ந்துகொள்ளும். ஐந்தாம் நம்பரின் இடது மூலையில் ரோஸ், ஆறாம் நம்பரில் பச்சை. முகூர்த்த நாட்களில் பெட்டிகள் வெளியே போய்விடும், திரைகள் தெளிந்துவிடும். ஆடி மாதம் முழுக்க ரோஸும் பச்சையும்தான். ஊரில் எப்போது கல்யாணம் என்று நாங்கள் காலண்டர் பார்க்காமலே தெரிந்துகொண்டோம்.

அந்தக் கறையைப் போக்க மானிட்டரிலேயே ஒரு பட்டன் உண்டு. டீகாஸ் என்று பெயர். அழுத்தினால் உள்ளே 'தும்' என்று ஒரு சத்தம் வரும், படம் ஒரு விநாடி நடுங்கி நிற்கும், கறை போய்விடும். எங்கள் மேசைகள் மெல்லிய பிளைவுட். தும் சத்தம் பலகையில் ஏறி அறை முழுவதும் கேட்கும்.

முதல் தடவை நான் அதை அழுத்தியபோது வகுப்பில் என்னையும் சேர்த்து ஏழு பேர். ஆறு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு பெண் நேராக ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தாள். ரேணுகா என்று ஒருத்தி, என்னைவிட நான்கைந்து வயது பெரியவள், கீபோர்டில் இருந்து கையை எடுக்காமலே மெல்லக் கேட்டாள்.

"எந்த ஷாப்ட்ல?"

அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இது விளங்கும். உங்களுக்காகச் சொல்கிறேன். பூமிக்குள் வெகு ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் சில சமயம் வெடித்துவிடும். எங்கள் ஊரில் அதை பர்ஸ்ட் என்பார்கள். மேலே வீடுகளில் ஒரு தும் கேட்கும், பாத்திரம் கிணுகிணுக்கும், லைட் ஆடும். உடனே எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். பெண்கள் வாசலுக்கு வந்து ஷாப்ட் என்கிற சுரங்கக் கிணற்றுக்கு மேலே உயரத்தில் இருக்கும் சக்கரத்தைப் பார்ப்பார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் அந்தச் சக்கரத்தில்தான் தொங்குகிறது. சக்கரம் சுற்றினால் கேஜ் ஓடுகிறது, நிம்மதி. நின்றிருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஷாப்ட் கேட்டுக்கு நடக்க ஆரம்பிப்பார்கள். யாரும் ஓட மாட்டார்கள். ஓடினால் அபசகுனம் என்று ஒரு எண்ணம். கேட்டில் போய்ச் சேர்ந்து, தன் வீட்டு ஆள் கேஜில் இருந்து இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பேசுவார்கள்.

நான் அன்று சிரித்துவிட்டேன். மானிட்டர்தான், நான்தான் பட்டனை அமுக்கினேன், உட்காருங்கள் என்றேன். காந்தம், கறை என்று கொஞ்சம் விளக்கமும் கொடுத்தேன். நம்புவதற்காக இன்னொரு முறை அழுத்திக் காட்டினேன். மறுபடியும் எழுந்தார்கள்.

அதன் பிறகு ஒரு வழக்கம் ஏற்பட்டது. தும் என்று கேட்டால் ஆறு தலைகளும் என் பக்கம் திரும்பும். நான் தலையை ஆட்டினால் உட்கார்ந்து டைப் அடிப்பார்கள். பூமி அதிர்ந்ததா இல்லையா என்று சொல்கிற பொறுப்பு இப்படி என்னிடம் வந்து சேர்ந்தது. உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ரேணுகா உட்காருவது நான்காம் நம்பரில். அவள் கணவர் ஏழுமலை சுரங்கத்தில் டிம்பர்மேன், உள்ளே பாறை சரியாமல் மரத்தூண் நிறுத்துகிற வேலை. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போது ஊரில் தினம் ஒரு விதமாக அடிபட்டது. ஏழுமலை அதை நம்பவில்லை. அவருடைய தாத்தா காலத்திலிருந்தே மூடப்போகிறார்களாம். ரேணுகா நம்பினாள். நம்பியதால் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வந்தாள். பத்தாவது படித்தவள், பிறகு புத்தகத்தைத் தொட்டதில்லை. ஆனால் ஒரு முறை காட்டினால் போதும், மறுமுறை கேட்க மாட்டாள்.

ஏழுமலை காலை ஷிப்ட் முடிந்து, குளித்துவிட்டு, சில நாட்கள் அவளைக் கூட்டிப்போக மாடி ஏறி வருவார். வந்தால் மானிட்டருக்குப் பக்கவாட்டில் நின்று, சுவரைப் பார்த்தபடி பேசுவார். எனக்கு அது முதலில் மரியாதைக் குறைவாகப் பட்டது. பிறகு பார்த்தால், சுரங்கத்தில் இருந்து வருகிற ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் நின்றார்கள். உள்ளே தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு வேலை செய்பவர்கள், எதிரே இருப்பவரோடு பேசும்போது வெளிச்சம் அவர் கண்ணில் அடிக்காமல் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். முகத்துக்கு நேரே வெளிச்சம் அடிப்பது அங்கே பெரிய மரியாதைக் கேடு. எங்கள் ஆறு மானிட்டர்களும் வந்தவர் போனவர் எல்லோருக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தன.

இப்படி இருக்கும்போது ஜெயசீலன் சார் ஒரு செய்தி கொண்டுவந்தார். பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு டேட்டா என்ட்ரிக்கு ஆள் வேண்டும். நம் சென்டரிலேயே வந்து டெஸ்ட் வைப்பார்கள். ஆறு பேர் எழுதலாம், இரண்டு பேரை எடுப்பார்கள். தினம் ரயிலில் போய் வரலாம். ரேணுகா அன்று வீட்டுக்குப் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "எனக்கு இது வேணும் மிஸ்" என்றாள்.

டெஸ்டுக்கான பார்மை ஒரு பிளாப்பியில் முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். போட்டுப் பார்த்தோம். பெயர், விலாசம், பின்கோடு என்று கட்டம் கட்டமாக நன்றாகத்தான் இருந்தது. சேவ் பட்டனைத்தான் காணவில்லை. எங்கள் திரைகள் எல்லாம் அறுநூற்று நாற்பதுக்கு நானூற்று எண்பது என்ற அளவில் இருந்தன. அந்த பார்ம் எண்ணூறுக்கு அறுநூறுக்குச் செய்தது. சேவ் பட்டன் திரைக்குக் கீழே, மேசைக்குள் எங்கோ இருந்தது. எவ்வளவு வேகமாக அடித்தாலும் சேமிக்க வழியில்லை. மேலே உள்ளதெல்லாம் தெரிகிறதல்லவா, ஒன்றுக்காக எதற்கு இவ்வளவு கவலை என்றார் ஜெயசீலன் சார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு அதுதான் வேலை. செட்டிங்கை மாற்றினால் ஒரு எச்சரிக்கை வரும். படம் சரியாகத் தெரியாவிட்டால் பதினைந்து விநாடி பொறுங்கள், பழையபடி ஆகிவிடும் என்று. மாற்றியதும் திரை இருட்டாகும். நாங்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு எண்ணுவோம். எண்ணி முடிப்பதற்குள் படம் நின்றால் வெற்றி. நிற்காவிட்டால் அதுவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். வேறு ஊரில் என்றால் அந்தப் பதினைந்து விநாடியில் யாராவது பதறி வயரைப் பிடுங்கியிருப்பார்கள். எங்கள் பெண்கள் இருட்டில் அசையாமல் காத்திருப்பதில் தேர்ந்தவர்கள்.

ஐந்து மானிட்டர்கள் வழிக்கு வந்தன. நான்காம் நம்பர் முரண்டு பிடித்தது. படம் உருண்டுகொண்டே இருந்தது. ரெப்ரெஷ் ரேட் என்று ஒன்று உண்டு, ஒரு விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதிதாக வரைகிறது என்பது. அதைக் குறைத்தால் படம் நின்றது, ஆனால் சிமிட்டியது. பத்து நிமிடத்தில் ரேணுகாவுக்குக் கண்ணில் நீர் கொட்டியது, தலையைப் பிடித்துக்கொண்டாள். இடம் மாறிக்கொள்ளுங்கள் என்றால் மறுத்துவிட்டாள். அந்தக் கீபோர்டு அவள் விரலுக்குப் பழகியிருந்தது, மற்றவற்றில் தப்பு வந்தது.

அன்று ஏழுமலை வந்திருந்தார். சுவரைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தொடலாமா மிஸ்?" என்றார். பிரைட்னெஸ் குமிழை இடது பக்கமாகத் திருகித் திருகி, நாங்கள் எல்லோரும் அணைந்தேவிட்டது என்று நினைக்கும் அளவுக்குக் கொண்டுபோனார். "இவ்ளோ வெளிச்சம் இன்னாத்துக்கு" என்றார். சிமிட்டல் தெரியவே இல்லை. எழுத்து மட்டும் மங்கலாக, அசையாமல் நின்றது. ரேணுகா அரை மணி நேரம் அடித்துப் பார்த்தாள். கண் கலங்கவில்லை. எங்கள் இன்டர்நேஷனல் சென்டரில் மிகச் சரியாக அமைந்த திரை, கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத ஒருவர் அமைத்தது. ஒரே குறை, ஜன்னல் வெளிச்சம் பட்டால் அதில் ஒன்றும் தெரியாது.

டெஸ்ட் நாளன்று காலை பதினொன்றுக்கு ஆரம்பித்தார்கள். பெங்களூரிலிருந்து வந்தவர் கன்னடக்காரர், அமைதியான மனிதர், கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தார். நாற்பது நிமிடம். ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். கஜேந்திரனின் பெட்டிகள் அப்போதுதான் ஒரு கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்தன. அதனால் காலையில் ஆறு பட்டன்களையும் ஒரு முறை அழுத்தி வைத்திருந்தேன். ரேணுகா அடித்த வேகத்தைப் பார்த்து அந்தக் கன்னடக்காரர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இவள் நிச்சயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏழுமலை அன்று காலை ஷிப்டில் உள்ளே இருந்தார்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். தும்.

டியூப் லைட் லேசாக ஆடியது. ஆறு தலைகளும் என் பக்கம் திரும்பின. இரண்டு பெண்கள் நான் எதுவும் சொல்லும் முன்பே எழுந்து படியிறங்கிப் போய்விட்டார்கள். அந்தக் கன்னடக்காரர் என்ன ஆயிற்று, உட்காருங்கள், நேரம் போகிறது என்றார். ரேணுகா பாதி எழுந்த நிலையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கவே இல்லை. "நான்தான் பட்டனை அமுக்கினேன், உக்காருங்க" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். மறுபடியும் கீபோர்டு சத்தம் கேட்க ஆரம்பித்தது.

நான் ஜன்னலுக்குப் போனேன். தெருவில் பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் ஓடவில்லை. பேக்கரிக்காரர் கடைக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். சக்கரம் நின்றிருந்தது. நான் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினேன். ரேணுகா நிமிர்ந்து பார்த்தபோது, ஸ்கிரீனில் வெளிச்சம் அடிக்கிறது, அதற்காக என்றேன். அது பாதி உண்மை, அதனால் சொல்ல எளிதாக இருந்தது. அந்தக் கன்னடக்காரர் இப்போது நன்றாகத் தெரிகிறது என்று பாராட்டினார்.

மீதி இருபது நிமிடம் நான் சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். இவள் வாழ்க்கைக்கு நல்லது செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வீட்டில் யாராவது உள்ளே இருந்திருந்தால் அந்தப் பொய் என் வாயில் வந்திருக்காது. அப்பா அந்நேரம் தொழிற்சாலையில், வெளிச்சமான ஷெட்டில் நின்றிருப்பார்.

நேரம் முடிந்தது. அவள் மௌஸைக் கீழே இறக்கி, வலது மூலையில் இருந்த சேவ் பட்டனை அழுத்தினாள். அது அழுந்தியதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் அருகில் போனேன். பர்ஸ்ட்தான் ரேணுகா, சக்கரம் நிற்கிறது என்றேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நான் பின்னாலேயே போனேன். அவளும் ஓடவில்லை, நடந்தாள். அவ்வளவு வேகமாக நடப்பவர்களை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

நாங்கள் போவதற்குள் சக்கரம் சுற்ற ஆரம்பித்திருந்தது. பர்ஸ்ட் ஆனால் ஷாப்டைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கேஜை ஓட்டுவார்கள். அதனால்தான் நின்றிருக்கிறது. கேட்டில் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். தத்தம் ஆளைப் பார்த்தவர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ரேணுகா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேஜ் ஏறி வரும், ஆட்கள் இறங்குவார்கள், ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். ஏழுமலை இல்லை. அடுத்த கேஜ். இல்லை. கேட் காவலாளியிடம் கேட்டதற்கு, அடிபட்டவர்கள் யாரும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் யார் யார் வந்தார்கள் என்று தனக்குத் தெரியாது என்றார். அந்த 'என்றுதான் சொல்கிறார்கள்' என்பதைக் கேட்டு அவள் கை கம்பியில் இன்னும் இறுகியது.

இரண்டு மணி நேரம் அப்படி நின்றோம். நான் பக்கத்திலேயே இருந்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், என்னால் முடியவில்லை. அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

நாங்கள் போய்ச் சேரும் முன்பே ஏழுமலை முதல் கேஜில் வந்துவிட்டிருந்தார். ஒரு கீறல்கூட இல்லை. வெளியே வந்து, வரிசையாக நின்ற பெண்களில் தன் மனைவியைத் தேடியிருக்கிறார். எல்லோருடைய வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது, அவருக்கு மட்டும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். பூட்டியிருந்தது. வாசலில் உட்கார்ந்துவிட்டார். இவள் அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் இங்கே பூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, கடைசியில் ஷிப்ட் மாறும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து, உன் வீட்டுக்காரன் அங்கே பசியோடு உட்கார்ந்திருக்கிறான், நீ இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார்.

ரேணுகாவுக்கு வேலை கிடைத்தது. எழுந்து போன இரண்டு பெண்களுக்கும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் செய்யவில்லை. ரேணுகா சென்டருக்கு வந்து சான்றிதழை வாங்கிக்கொண்டு, ஜெயசீலன் சாருக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் அறையில்தான் இருந்தேன்.

ஏழுமலை மட்டும் என்னை விடவில்லை. தெருவில் எங்கே பார்த்தாலும், "இன்னா பொய்க்கார மிஸ், நல்லாக்கீறீங்களா?" என்பார். முகத்தில் சிரிப்பே இருக்காது. பஸ்ஸில் பத்து பேர் இருந்தால் பத்து பேருக்கும் விவரம் சொல்வார். எல்லார் பெண்டாட்டியும் கேட்டுக்கு வந்தாளுங்க, எம் பெண்டாட்டிய இந்தப் பொண்ணு பட்டன அமுக்கினேன்னு சொல்லி ஒக்கார வெச்சிடுச்சி என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். ஊரில் பாதிப் பேருக்கு என்னை அப்படித்தான் தெரியும்.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அந்த முறை ஏழுமலையும் நம்ப வேண்டியதாயிற்று. சென்டரும் அதே வருடம் போயிற்று. கற்றுக்கொள்ள வந்தவர்கள் பெங்களூருக்கே போய்விட்டார்கள். எனக்கும் அங்கே ஒரு வேலை கிடைத்தது. விடிகாலை ரயிலில், ஊரில் வயதுக்கு வந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள் என்று தோன்றும். பெண்கள் பெட்டியில் முதல் நாள் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒரு கை என் முந்தானையை இழுத்தது. ரேணுகா. மூன்று வருடங்களாக அந்த ரயிலில் போய் வருகிறவள், ஜன்னல் பக்கம் அவளுக்கென்று ஒரு இடம் இருந்தது. நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"ஒக்காருங்க மிஸ். எவ்ளோ நேரம் நின்னுகினு வருவீங்க."

ரயில் பங்காருப்பேட்டையைத் தாண்டியது. பிறகு நான் மூன்று வருடங்களாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். தப்பு செய்துவிட்டேன், உங்களிடம் அப்படிப் பொய் சொல்லியிருக்கக் கூடாது என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குத் தெரியாதா மிஸ்? நீங்க பட்டன அமுக்கினா படம் ஆடும், மேச ஆடும். அன்னிக்கு நாற்காலி ஆடுச்சி. ஒக்காந்திருந்தவளுக்குத் தெரியாதா?"

பிறகு ஏன் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன்.

"அவரு வராமப் போயிட்டா கொழந்தைக்கு இந்த வேல ஒண்ணுதான்னு நெனச்சேன். அவரு உள்ள இருக்கசொல்லோ, அத நெனச்சேன் மிஸ். நெனச்சிக்கினு பின்கோடு அடிச்சேன்." இன்னொன்றும் சொன்னாள், "உங்க மேல கோவமே இல்ல. உங்க மூஞ்சியப் பாத்தா அது ஞாபகம் வருது, அதான் பேசல."

ரயில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் நின்று புறப்பட்டது. ஏழுமலைக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க பொய் சொன்னீங்க, நா நம்பிட்டேன்னுதான் அவருகிட்ட சொல்லிக்கீறேன். அது அப்டியே இருக்கட்டும் மிஸ்."

இருக்கட்டும் என்றேன். அன்றிலிருந்து ஏழுமலை என்னைப் பொய்க்கார மிஸ் என்று கூப்பிடும்போதெல்லாம், ஆமாம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். பல வருடம் கழித்து ஒரு தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனபோது பேரக்குழந்தைக்கு என்னை அப்படித்தான் அறிமுகம் செய்தார். ரேணுகா சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்தாள். நான், ஆமாம் கண்ணு, நான்தான் பட்டனை அமுக்கினேன் என்றேன்.

சென்டர் இருந்த மாடியில் இப்போது யாரோ குடியிருக்கிறார்கள். கீழே பேக்கரியும் இல்லை. சுரங்கத்துக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது என்கிறார்கள். ஏழுமலை போன வருடம் நெஞ்சு நோயில் தவறிவிட்டார். துக்கத்துக்குப் போய் ரேணுகாவின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் பெங்களூர்க்காரர்கள், நான் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது அந்த ஊரில் என்னைப் பொய்க்காரி என்று கூப்பிட ஒருவரும் இல்லை.